அத்தா விட்டுச்சென்ற கேமராவும் அவர்கள் எழுதிவைத்த கடனும்

 

நம் அத்தா சென்ற ஆண்டு ஷஅபான் மாதத்தில் மௌத்தானார்கள். அல்லாஹ் அவர்களின் கப்ரை ஒளிமயமாக்குவானாக. திருப்பூரின் பனியன் கம்பெனிகளில் நாற்பது ஆண்டுகள் கட்டிங் மாஸ்டராக உழைத்தவர்கள் அவர்கள். அவர்கள் விட்டுச்சென்ற பொருள்கள் ஒரு மர அலமாரியின் இரண்டு தட்டுகளுக்குள் அடங்கிவிட்டன. துணி வெட்டும் பெரிய கத்தரிக்கோல் ஒன்று, கைக்கடிகாரம் ஒன்று, வேட்டி சட்டைகள், ஒரு பழைய கணக்கு நோட்டு, பிஸ்கட் டப்பா ஒன்று, தோலுறைக்குள் ஒரு கேமரா. கையிருப்பாக இருந்த சிறு தொகை கஃபன், அடக்கச் செலவுகளுக்குச் சரியாயிற்று.

மத்ரஸாவில் ஃபராயிள் பாடம் நடத்தும்போது நாம் மாணவர்களிடம் அடிக்கடி கூறுவதுண்டு: ஒருவர் மரணித்த அந்தக் கணத்திலேயே அவருடைய ஊசிகூட அவருடையதன்று. முதலில் அடக்கச் செலவு, அடுத்துக் கடன், அதற்கடுத்து மூன்றில் ஒன்றுக்கு மிகாத வஸிய்யத், எஞ்சியதே வாரிசுகளுக்கு. கரும்பலகையில் இவ்வரிசையை எத்தனை முறை எழுதியிருப்போம் என்பதற்குக் கணக்கில்லை. அதை நம் வீட்டு அலமாரியின் முன் நின்று செய்யவேண்டி வந்தபோதுதான் அப்பாடத்தின் பாரம் நமக்கு விளங்கியது.

வாரிசுகள் நால்வர்: அம்மா, நாம், நம் தம்பி, நம் தங்கை. பிள்ளைகள் இருப்பதால் அம்மாவுக்கு எட்டில் ஒன்று. எஞ்சியதில் ஆண்மக்களுக்கு இரண்டு இரண்டு பங்கு, பெண்மகளுக்கு ஒரு பங்கு. மொத்தத்தை நாற்பதாக வைத்தால் அம்மாவுக்கு ஐந்து, நமக்கும் தம்பிக்கும் பதினான்கு பதினான்கு, தங்கைக்கு ஏழு. கணக்கு எளிது. ஆனால் ஒரு கேமராவை நாற்பதாக வெட்ட முடியாது. அத்தாவின் ஞாபகமாக அதை ஒருவர் வைத்துக்கொள்ளலாம் என்று முதலில் எண்ணினோம். "ஹஜ்ரத் வீட்டில் கேமரா எதற்கு?" என்று தம்பி சிரித்தான். தங்கை தனக்கு வேண்டுமென்று கேட்டாள். அந்த நேரத்தில்தான் அம்மா, "நோட்டைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்" என்றார்கள். அவர்கள் அப்போது இத்தாவில் இருந்தார்கள். கதவின் மறைவிலிருந்து வந்த அச்சொல்லை நாம் இன்றும் மறக்கவில்லை.

அந்த நோட்டுக்குள் செல்வதற்கு முன், கேமராவைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும்.

அது யாஷிகா எலக்ட்ரோ 35 ஜிஎஸ்என் என்னும் ஜப்பானியக் கேமரா. சிங்கப்பூரிலிருந்து திரும்பிய நம் மாமா ஒருவரிடமிருந்து 1984-ல் அத்தா அதைப் பழைய விலைக்கு வாங்கினார்கள். ஜப்பானின் நாகானோ மாகாணத்தில் 1949-ல் மின்கடிகார உறுப்புகள் செய்யத் தொடங்கிய ஒரு சிறு நிறுவனமே பின்னாளில் யாஷிகா என்று பெயர் பெற்றது. 1966-ல் அவர்கள் எலக்ட்ரோ 35 வரிசையை வெளியிட்டனர். ஜிஎஸ்என் அவ்வரிசையில் 1973-ல் வந்தது. 1983-ல் யாஷிகா, கியோசெரா என்னும் மற்றொரு ஜப்பானிய நிறுவனத்துடன் இணைந்தது. 2005-ல் கியோசெரா கேமராத் தொழிலையே விட்டது. ஆக, செய்த நிறுவனம் கைவிட்ட பின்னும் அக்கருவி நம் அலமாரியில் இருந்துகொண்டிருந்தது.

ஏறத்தாழ முக்கால் கிலோ எடை. கையில் எடுத்தால் இரும்பைத் தூக்குவது போலிருக்கும். லென்ஸ் 45 மில்லிமீட்டர், அதன் வாய் எஃப் 1.7 வரை அகலத் திறக்கும். அதனால் மங்கிய வெளிச்சத்திலும் படம் எடுக்க முடியும். லென்சைக் கழற்றி வேறொன்றை மாட்ட இயலாது. கிட்டத்தில் உள்ள பொருளைப் பெரிதாக்கிக் காட்டும் வசதியுமில்லை. எண்பது சென்டிமீட்டருக்கு உள்ளே இருப்பவை தெளிவாக விழா. பெரிதாக வேண்டுமென்றால் நாமே நடந்து அருகில் செல்ல வேண்டும்.

இத்தகைய கேமராக்களை ரேஞ்ச்ஃபைண்டர் என்பர். தூரத்தை அளந்து குவிப்பவை என்று பொருள் கொள்ளலாம். முகப்பில் இரண்டு சன்னல்கள் உள்ளன. ஒன்றின் வழியே கண் நேராகப் பார்க்கிறது. மற்றொன்றின் வழியே நுழையும் காட்சியை உள்ளேயுள்ள கண்ணாடிகள் திருப்பி, முதற்காட்சியின் நடுவே ஒரு சிறு மஞ்சள் பொட்டாக விழச் செய்கின்றன. தூரம் சரியில்லாதபோது அப்பொட்டுக்குள் மனிதர் இருவராகத் தெரிவார். லென்சின் வளையத்தைத் திருப்பத் திருப்ப இரண்டாம் உருவம் நகர்ந்து வந்து முதலாம் உருவத்தோடு ஒன்றிவிடும். நாம் சிறுவனாக இருந்தபோது அத்தா அதை நம் கண்ணில் வைத்துச் சொன்னது இவ்வளவுதான்: "ரெண்டு முகம் தெரிஞ்சா தூரம் தப்பு. ஒரு முகமா ஆனதும் அழுத்து."

இரண்டு இடங்களிலிருந்து ஒரு பொருளைப் பார்த்து, கோண வேறுபாட்டைக் கொண்டு தூரத்தை அறியும் இக்கணக்கு நம் முன்னோர்களுக்குப் புதிதன்று. பதினோராம் நூற்றாண்டில் அல்பிரூனி அவர்கள், இன்றைய பாகிஸ்தானின் பஞ்சாபிலுள்ள நந்தனா கோட்டையருகே ஒரு மலையின் உயரத்தை இரண்டு இடங்களிலிருந்து கோணம் பார்த்தே அளந்தார்கள். பிறகு மலையுச்சியிலிருந்து அடிவானத்தின் தாழ்வுக் கோணத்தை அளந்து பூமியின் ஆரத்தைக் கணக்கிட்டார்கள். ஹிஜ்ரி 354-ல், அதாவது கி.பி. 965-ல், பஸராவில் பிறந்த இப்னு அல்ஹைதம் அவர்கள், கண்ணிலிருந்து கதிர் புறப்படுவதால் பார்வை நிகழவில்லை, பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணுக்குள் நுழைவதாலேயே நிகழ்கிறது என்று கிதாபுல் மனாழிரில் நிறுவினார்கள். இருட்டறையின் சிறு துளை வழியே ஒளி நுழைவதை அவர்கள் சோதித்துப் பார்த்த செய்தியைப் பாடத்தில் சொல்லும்போதெல்லாம் மாணவர்களின் கண்கள் விரியும். அத்தாவின் கேமராவும் அத்தகைய இருட்டறை ஒன்றுதான்.

எலக்ட்ரோ என்னும் பெயருக்குக் காரணம் அதன் மின்னணுக் கட்டுப்பாடு. லென்சின் வாய் எவ்வளவு திறக்க வேண்டும் என்பதை மட்டும் நாம் வளையத்தில் வைத்தால் போதும். வெளிச்சத்தை அளந்து, எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்பதைக் கருவியே முடிவு செய்யும். அந்த நேரம் முப்பது வினாடியிலிருந்து ஒரு வினாடியின் ஐந்நூற்றில் ஒரு பாகம் வரை இருக்கலாம். பொத்தானைப் பாதி அழுத்தினால் வெளிச்சம் குறைவென்றால் மஞ்சள் விளக்கும், கூடுதலென்றால் சிவப்பு விளக்கும் எரியும். ஷட்டர் லென்சுக்குள்ளேயே இருப்பதாலும், மேலெழுந்து விழும் கண்ணாடி எதுவும் இல்லாததாலும் ஓசை மிகக் குறைவு. நிக்காஹ் குத்பா ஓதப்படும்போது பக்கத்தில் நின்று அத்தா படம் எடுப்பார்கள். ஓதுபவருக்குக்கூடக் கேட்காது.

ஒரு குறையும் உண்டு. பார்க்கும் சன்னல் வேறு, படம் விழும் லென்ஸ் வேறு என்பதால், லென்சின் மூடியைக் கழற்ற மறந்தாலும் காட்சி தெளிவாகவே தெரியும். ஒளியை அளக்கும் கண்ணும் உடலின் முகப்பில் தனியாக இருப்பதால் அதுவும் எச்சரிக்காது. தொடக்கத்தில் ஒரு நிக்காஹில் அத்தா ஒரு சுருளை முழுவதும் மூடியோடே எடுத்துவிட்டார்கள். வாங்கிய முன்பணத்தை மறுநாளே திருப்பிக் கொடுத்ததோடு, ஊட்டி இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தயாரிப்பான கறுப்பு வெள்ளைச் சுருள் ஒன்றைத் தம் செலவில் வாங்கி, மணமக்களை வீட்டிற்குச் சென்று எடுத்துக் கொடுத்தார்களாம். 1960-ல் தொடங்கப்பட்டு 1967-ல் உற்பத்தியைத் தொடங்கிய அந்த அரசு நிறுவனமும் இன்று மூடப்பட்டுவிட்டது.

கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் முடித்துவிட்டு வந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் படமெடுத்து ஈட்டிய வருவாயில்தான் நம் மத்ரஸாப் படிப்புக்கான செலவு நடந்தது என்பதை நாம் அப்போது எண்ணிப் பார்க்கவில்லை.

1999-ல் ரமளான் விடுமுறைக்கு வீட்டிற்கு வந்தோம். இருபது வயது. கிதாபுகளில் படித்ததையெல்லாம் வீட்டிலேயே நிலைநாட்டிவிட வேண்டும் என்னும் வேகம். உயிருள்ளவற்றின் உருவங்களைப் படைப்போர் குறித்து வந்துள்ள எச்சரிக்கைகளை, சஹர் உண்டு முடித்த நேரத்தில், அம்மாவும் தம்பி தங்கையும் இருக்கும்போதே அத்தாவிடம் சொன்னோம். சொன்ன முறை நல்ல முறையன்று. "இந்தப் பணத்தில் நான் ஓத மாட்டேன்" என்றும் கூறிவிட்டோம். அத்தா ஒரு சொல்லும் மறுத்துப் பேசவில்லை. ஃபஜ்ருக்கு எழுந்து சென்றார்கள். அன்றிலிருந்து அவர்கள் மனிதரைப் படமெடுத்து நாம் பார்த்ததில்லை. கேமரா தோலுறைக்குள் சென்றது. கம்பெனியில் ஓவர்டைம் கூடியது.

புகைப்படம் குறித்து அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு என்பதை நீங்கள் அறிவீர்கள். எகிப்தின் முஃப்தியாக இருந்த முஹம்மத் பகீத் அல்முதீஈ அவர்கள், புகைப்படம் என்பது உருவத்தைப் படைப்பதன்று, நிழலைப் பிடித்து நிறுத்துவதே என்று கூறி அதை அனுமதித்துத் தனி நூலே எழுதினார்கள். நம் நாட்டின் தேவ்பந்த் வழி வந்த பெரியோர்கள் பலர், கையால் வரைந்தாலும் கருவியால் எடுத்தாலும் உருவம் உருவமே என்று தடுத்தார்கள். பாஸ்போர்ட், ஹஜ் விண்ணப்பம் போன்ற தேவைகளுக்கு அவர்களும் இடமளித்தார்கள். இவ்விரு தரப்பின் ஆதாரங்களையும் இங்கு எடைபோடுவது நம் நோக்கமன்று. நாம் இன்றும் பேணுதலான பக்கத்திலேயே நிற்க விரும்புகிறோம். ஆயினும் நம் சட்டைப் பையிலுள்ள கைபேசியில் இரண்டு கேமராக்கள் இருக்கின்றன என்பதையும், மத்ரஸா ஆண்டு விழா நேரலையில் செல்கிறது என்பதையும் மறைப்பதற்கில்லை. 1999-ல் நாம் எடுத்துச் சொன்ன சட்டத்தை அல்ல, அதைச் சொன்ன நம் நாவையே இங்கு பேசுகிறோம்.

இனி நோட்டுக்கு வருவோம்.

அது படத் தொழிலின் கணக்கு. பெயர், இடம், தேதி, முன்பணம், கொடுத்த படங்கள் என்று கோடு போட்டு எழுதியிருந்தார்கள். 1999 ரமளானுக்குப் பின் புதிய பதிவு ஏதுமில்லை. ஆனால் கடைசிப் பக்கத்தில் "கொடுக்க வேண்டியது" என்று தலைப்பிட்டு ஒரு பட்டியல் இருந்தது. படம் எடுத்தாகிவிட்டது, நெகட்டிவ் கழுவியும் வந்துவிட்டது. நம் பேச்சுக்குப் பின் அவர்கள் பிரிண்ட் போடவில்லை. முன்பணம் கொடுத்திருந்தோர் பலருக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்து, பெயர்களை அடித்திருந்தார்கள். ஐந்து பெயர்கள் மட்டும் அடிக்கப்படாமல் இருந்தன. பவர்டேபிள்களில் வேலைக்கு வந்து, வாடகை வீடு மாறி, ஊர் மாறிச் சென்றவர்கள் அவர்கள். திருப்பூரில் ஒருவரை ஒரே முகவரியில் இரண்டு ஆண்டுகள் காண்பது அரிது என்பது நம் ஊராருக்குத் தெரியும். ஐவருக்கும் சேர்த்து 1,450 ரூபாய். எழுத்து மங்கிவிடாமல் இருக்க அதே பெயர்களின்மேல் வெவ்வேறு பேனாக்களால் பலமுறை எழுதியிருந்தார்கள். அதற்குக் கீழே, மளிகைக் கடைக்குத் தரவேண்டிய 6,200 ரூபாய் நோயுற்ற காலத்து நடுங்கும் எழுத்தில் இருந்தது. மொத்தம் 7,650.

இருபத்தைந்து ஆண்டுகள் அவர்கள் அந்த ஐந்து பெயர்களைச் சுமந்திருக்கிறார்கள். நம்மிடம் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அது நம்மைக் குற்றம் சாட்டுவது போலாகும் என்று எண்ணியிருப்பார்களோ என்னவோ.

கடனோடு இறந்தவருக்கு, அதை அடைக்க எதுவும் விட்டுச்செல்லாதபோது, பெருமானார் (ஸல்) அவர்கள் ஜனாஸாத் தொழுகையைத் தாமே நடத்தாமல் தோழர்களிடம் விட்டதும், அபூ கதாதா (ரலி) அவர்கள் அக்கடனுக்குப் பொறுப்பேற்ற பின்பே தொழ வைத்ததும் நாம் நூறு முறை மேடையில் சொன்ன நிகழ்ச்சி. அன்று அது நம் வீட்டு நிகழ்ச்சியாக இருந்தது. கேமராவை விற்றுக் கடனை அடைப்பது என்று நால்வரும் ஒரே குரலில் முடிவு செய்தோம்.

விற்பதற்கு முன் கோவையில் பழைய கேமராக்களைப் பழுது பார்க்கும் பெரியவர் ஒருவரிடம் எடுத்துச் சென்றோம். அதற்குரிய 5.6 வோல்ட் பாதரச பேட்டரி இப்போது விற்பனையில் இல்லை. ஆறு வோல்ட் பேட்டரி ஒன்றை ஒரு சிறு சுருள்கம்பியின் துணையோடு பொருத்தினார். பின்புறப் பொத்தானை அழுத்தியதும், எத்தனை படம் எடுத்தோம் என்று காட்டும் எண்ணின்மேல் பச்சை விளக்கு எரிந்தது. தங்கையின் மகன் கைதட்டினான். பெரியவர் மட்டும் நெம்புகோலைத் தள்ளித் தள்ளிக் காதோடு வைத்துக் கேட்டார். "உள்ளே ஒரு சத்தம் வரணும் பாய், வரலை" என்றார்.

பிலிமை நகர்த்தும் பொறிக்குள் ஓடும் ஒரு கம்பியைத் தாங்க, விரல் நகத்தினும் சிறிய ரப்பர் துண்டு ஒன்று உண்டாம். அது காலப்போக்கில் கெட்டியாகி உதிர்ந்துவிடும். அது போனால் மின்தொடர்புகள் உரிய நேரத்தில் சேராமல், கருவி நேரத்தைத் தவறாகக் கணக்கிடும். சில படங்கள் சரியாக விழும், சில பாழாகும். உலகெங்கும் இக்கேமராவை வைத்திருப்போர் அதற்குச் சாவுத் துண்டு என்றே பெயர் வைத்திருக்கிறார்களாம். அதை மாற்ற மேல்மூடி முதல் அனைத்தையும் பிரிக்க வேண்டும். பின்கதவின் ஓரத்திலுள்ள பஞ்சும் கரைந்து பிசினாகியிருந்ததால் வெளிச்சம் கசிந்து பிலிம் கெடும் என்றும் சொன்னார். பழுது நீக்கும் செலவுக்கு அப்போது நம்மிடம் வழியில்லை.

ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர், பிலிம் கேமராக்களைச் சேகரிப்பவர், விவரம் கேள்விப்பட்டு வீட்டிற்கு வந்தார். தோலுறையைத் திறந்ததும் அவர் முகம் மலர்ந்தது. பச்சை விளக்கைப் பார்த்தார். வாசலில் வெயிலில் நின்று பாதி அழுத்தினார், சிவப்பு எரிந்தது. உள்ளே வந்து அழுத்தினார், மஞ்சள் எரிந்தது. மஞ்சள் பொட்டு இன்னும் பளிச்சென்று இருப்பதை வியந்தார். "எட்டாயிரம் தர்றேனுங்க பாய்" என்றார்.

எட்டாயிரம். கடன் 7,650. தம்பி நம்மைப் பார்த்தான். அவன் பார்வையின் பொருள் நமக்குத் தெரியும். முந்தைய இரவே அவன் கேட்டிருந்தான்: "அவர் கேட்டால் சொல்வோம். கேட்காவிட்டால் நாமாக ஏன் சொல்ல வேண்டும்? உள்ளது உள்ளபடி விற்கிறோம் என்று சொல்லிவிட்டால் சட்டப்படி சரிதானே?"

கேள்வி நியாயமானதே. பொருளின் குறைகளுக்குத் தாம் பொறுப்பல்ல என்று விற்பவர் முன்கூட்டியே விலகிக்கொள்வதற்கு நம் ஹனஃபி சட்ட நூல்களில் இடமுண்டு. ஆனால் தெரிந்த குறையை மறைப்பதற்கு எந்த நூலிலும் இடமில்லை. வழக்கில் வெல்வதும் இறைவனிடம் தப்புவதும் வெவ்வேறு. சந்தையில் தானியக் குவியலுக்குள் கைவிட்ட பெருமானார் (ஸல்) அவர்களின் விரல்களில் ஈரம் பட்டபோது, மழை பெய்தது என்று வியாபாரி காரணம் சொன்னார். நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்றே அவர்கள் கேட்டார்கள். வாங்குபவர் கை விட்டுத் தேடிக் கண்டுபிடிக்கட்டும் என்று சொல்லவில்லை.

இதற்குத் திருப்பூர்க்காரருக்குக் கிதாபுகூடத் தேவையில்லை. காதர்பேட்டையில் ஒரு நாள் நின்றால் போதும். ஏற்றுமதியில் கழிக்கப்பட்ட துணிகள் அங்கே மலைபோல் விற்கின்றன. ஓட்டை, கறை, தையல் விலகல் எதுவானாலும் செகண்ட்ஸ் என்று சொல்லியே விற்கிறார்கள், விலையும் அதற்கேற்றபடி. அத்தா செக்கிங் பெண்களிடம் சொல்வார்கள்: "செகண்ட்ஸை செகண்ட்ஸ்னு சொல்லி வித்தா வியாபாரம். ஃபிரெஷ்ஷுன்னு சொல்லி வித்தா திருட்டு." அவர்களுடைய கடனை அடைக்க அவர்களுடைய பொருளையே ஃபிரெஷ் என்று விற்பது எப்படி?

நெம்புகோலை அவர் காதருகே வைத்துத் தள்ளிக் காட்டினோம். வரவேண்டிய ஓசை வரவில்லை என்பதைச் சொன்னோம். பின்கதவைத் திறந்து பிசினாகிப்போன பஞ்சையும் காட்டினோம். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, பழுது பார்க்கும் செலவைக் கழித்து 4,500 தருவதாகச் சொன்னார். ஒப்புக்கொண்டோம். உண்மையைச் சொன்னதற்காக அவர் மனமிரங்கி விலையைக் கூட்டவில்லை. அவ்வாறு எதிர்பார்ப்பதற்கும் நமக்கு உரிமையில்லை. உண்மைக்கு இங்கேயே கூலி கிடைத்துவிடும் என்று பயான்களில் நாம் சொல்வதுண்டு. அன்று கிடைத்தது 3,500 ரூபாய் குறைவு.

மீதி 3,150. இறந்தவர் விட்டுச்சென்றதற்கு மேல் கடனை அடைப்பது வாரிசுகள்மீது கட்டாயமில்லை என்பதைத் தங்கைக்கும் தம்பிக்கும் விளக்கினோம். இருவரும் விளக்கம் முடியும்வரை பொறுத்திருந்து, ஆளுக்கு 1,050 என்று கணக்குச் சொன்னார்கள். முதலில் பணத்தை எடுத்து வைத்தவன் தம்பிதான்.

மளிகைக் கடையை அன்றே தீர்த்தோம். ஐந்து பெயர்களைத் தேடுவதே பெரும் வேலையாயிற்று. ஜமாஅத் நிக்காஹ் பதிவேடுகள், பழைய கம்பெனித் தொழிலாளர்கள், உறவினரின் உறவினர் என்று மூன்று மாதங்கள் அலைந்ததில் மூவர் கிடைத்தனர். இருவர் கிடைக்கவில்லை. உரியவர் கிடைக்காத தொகையை அவர்களின் பெயரால் ஸதகா செய்ய வேண்டும், பின்னாளில் அவர்கள் வந்து கேட்டால் கொடுக்கவும் வேண்டும் என்பது சட்டம். அவ்வாறே செய்து, நோட்டில் எழுதி வைத்திருக்கிறோம்.

கிடைத்த மூவரில் ஒருவர், "இதையெல்லாமா தேடி வருவீங்க" என்று கூறி ஹலாலாக்கிவிட்டார். மற்றொருவர் பணத்தை வாங்கிக்கொண்டு அத்தாவுக்காக துஆ செய்தார். மூன்றாமவர் பெரியதோட்டம் பகுதியில் பேரக்குழந்தைகளோடு வாழும் ஒரு சகோதரி. அவருடைய நிக்காஹைத்தான் அத்தா கடைசியாகப் படமெடுத்திருந்தார்கள். முன்னூறு ரூபாயை நீட்டியதும் அவர் அதைத் தொடவில்லை.

"பணம் வேண்டாம் ஹஜ்ரத். அந்தப் படம் இருக்கா? எங்க அத்தா என் நிக்காஹ் முடிஞ்ச மறு வருசமே மௌத்தாயிட்டாங்க. அவங்க முகம் வேற எதிலயும் இல்லை. ரேசன் கார்டுல இருந்ததும் அழிஞ்சு போச்சு."

பிஸ்கட் டப்பாவில் நெகட்டிவ்கள் இருந்தன. ஒவ்வொரு தாளுறையிலும் பெயரும் தேதியும் அத்தாவின் கையெழுத்தில். அவருடையதும் இருந்தது. வீட்டிற்கு வந்து அதைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். எல்லாம் தலைகீழ் நிறம். நரைத்த தாடி கறுப்பாகவும், கண்கள் வெள்ளையாகவும், ஒரு முதியவர் மணமகனின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

இருபது வயதில் நாம் தடுத்த படம் அது. இப்போது அதை நாமே எடுத்துச் சென்று கொடுப்பதா? இரண்டு இரவுகள் உறங்கவில்லை. மூன்றாம் நாள் நம் உஸ்தாத் அவர்களுக்குத் தொலைபேசியில் செய்தியைச் சொன்னோம். முழுவதும் கேட்டுவிட்டு அவர்கள் ஒன்றே கேட்டார்கள்: "அது யாருடைய பொருள்?" முன்பணம் கொடுத்த அந்தச் சகோதரியுடையது என்றோம். "அப்படியானால் இருபத்தைந்து ஆண்டுகளாக உங்கள் வீட்டில் இருப்பது அமானிதம். நீர் எந்தக் கருத்தைப் பேணுகிறீரோ அது உம் கைக்கு. அமானிதத்தை உரியவரிடம் சேர்ப்பதில் கருத்து வேறுபாடு ஏதும் இல்லை" என்றார்கள்.

மறுநாள் அஸருக்குப் பின் தங்கையை உடன் அழைத்துச் சென்று அந்த உறையை ஒப்படைத்தோம். முன்பணத்தைத் திரும்பப் பெறவும் அவருக்கு உரிமையுண்டு, படம் தாமதித்ததற்கு நாமே காரணம் என்று சொன்னோம். அவர் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. நெகட்டிவைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது கடைகளில் அதிலிருந்து பிரிண்ட் எடுக்க முடியும் என்று அவருடைய மகன் விசாரித்து வைத்திருந்தான். முன்னூறு ரூபாயை மத்ரஸாவுக்கு என்று திருப்பித் தந்தார். மற்ற நான்கு உறைகளும் இருந்த டப்பாவைத் தங்கை எடுத்து வைத்தாள். கிடைத்த இருவரின் உறைகளை அவளே கொண்டுபோய்க் கொடுத்தாள். எஞ்சிய இரண்டும் உரியவர் வரும்வரை அவளிடம் இருக்கும்.

வீடு திரும்பும் வழியில், அந்த ரமளானின் சஹர் நேரம் நினைவுக்கு வந்தது. நாம் சொன்னது சட்டத்தில் ஒரு கருத்து. சொன்ன விதத்தில் ஒரு தந்தையின் முகத்தை அவருடைய பிள்ளைகளின் முன் தாழச் செய்தோம். நம் அத்தா நோட்டில் எழுதி வைத்த கடன்களை அடைத்துவிட்டோம். அவர்கள் எழுதாமல் விட்ட கடன் ஒன்று நம்மேல் இருக்கிறது. அதற்கு முன்பணக் கணக்கு இல்லை, துஆவும் தௌபாவும்தான் உண்டு.

அன்புச் சகோதரர்களே, இதைப் படிப்போரிடம் மூன்று வேண்டுகோள்கள். உங்கள் கடன்களை, பத்து ரூபாயானாலும், எழுதி வையுங்கள். அந்த நோட்டு எங்கிருக்கிறது என்பதை வீட்டில் ஒருவருக்காவது சொல்லி வையுங்கள். எதை விற்றாலும் அதன் செகண்ட்ஸைச் செகண்ட்ஸ் என்றே சொல்லி விற்றுவிடுங்கள். இப்போதுதான் கற்று முடித்து வீட்டிற்கு வரும் நம் மத்ரஸாப் பிள்ளைகளுக்கு மற்றொன்று: உங்கள் தந்தையிடம் நன்மையை ஏவும்போது, தனியாக அழைத்து, தாழ்ந்த குரலில் சொல்லுங்கள். உங்கள் கிதாபுகளின் விலை எங்கிருந்து வந்தது என்பதையும் ஒருமுறை கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

யா அல்லாஹ், எங்கள் பெற்றோரை மன்னிப்பாயாக. அவர்கள் சிறுவயதில் எங்கள்மீது இரக்கம் காட்டியது போல் நீ அவர்கள்மீது இரக்கம் காட்டுவாயாக. எங்கள் கடன்களிலிருந்தும், எங்கள் நாவுகளின் தீங்கிலிருந்தும் எங்களை விடுவிப்பாயாக. ஆமீன்.